வீட்டுக்காரருக்கு விசா ரெடி! வீட்டம்மாவுக்கு?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி குடும்பங்கள் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டிய விவரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையும் இருக்கிறது. அதே ரோட்டில் கண்ணாடி மாளிகையில் கம்ப்யூட்டர் கம்பெனியும் இருக்கிறது.

பட்டறையில் கிரீஸ் கையோடு நிற்கிறவருக்கும், கண்ணாடி மாளிகையில் கழுத்தில் அட்டை தொங்கவிட்டு நடக்கிறவருக்கும் ஒரே ஆசைதான். கடல் தாண்டிப் போய் நாலு காசு பார்க்க வேண்டும்.

இருவருக்கும் கிடைப்பதும் ஒரே சரக்குதான். அதன் பெயர் தற்காலிக வேலை விசா.

"விசா வந்தாச்சு" என்று சொன்னதும் வீட்டில் ஸ்வீட் பாக்கெட் பிரிக்கிறார்கள். நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுகிறார்கள். அந்த விசா யாருக்கு வந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

வந்தது ஆளுக்கு. குடும்பத்துக்கு அல்ல.

கட்டிய மனைவி கூடப் போகலாமா? பிள்ளைகளை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா? ஊரில் அம்மா சீரியஸ் என்று போன் வந்தால் அன்றைக்கே கிளம்ப முடியுமா?

இந்த மூன்று கேள்விக்கும் பதில், விசாவில் அச்சடித்த ஒரு வரியில் இருக்கிறது. அது எந்த வகை விசா என்ற வரி. பலரும் படிக்காமல் விடுவது அந்த ஒரு வரியைத்தான்!

2015-ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வின்படி, வெளிநாட்டில் இருந்த தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் பேர். சிங்கப்பூர், அரபு நாடுகள், அமெரிக்கா என்று பிரிந்து கிடந்தார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம். ஒவ்வொரு சட்டத்திலும் குடும்பத்துக்கு ஒரு விலை.

அந்த விவரம் வருமாறு:

குவைத்தின் "நம்பர்" விசா

குவைத் போய் வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், நம்பரில்தான் பேசுவார்கள். கம்பெனி வேலைக்கு 18-ம் நம்பர். வீட்டு வேலைக்கு 20-ம் நம்பர். குடும்பத்துக்கு 22-ம் நம்பர்.

இவை அந்த நாட்டுக் குடியிருப்புச் சட்டத்தின் பிரிவு எண்கள். 20-ம் நம்பருக்கு "காதிம் விசா" என்று இன்னொரு பெயரும் உண்டு. வீட்டு டிரைவர், சமையல்காரர், தோட்டக்காரர் எல்லோரும் இதில் அடக்கம்.

தில்லுமுல்லு நடப்பது இந்த இடத்தில்தான். "கம்பெனியில் வெல்டர் வேலை" என்று சொல்லிப் பணம் வாங்குவார்கள். கையில் திணிப்பது 20-ம் நம்பர். அரபு எழுத்தில் வரும் காகிதத்தை இங்கே யார் படித்துப் பார்க்கிறார்கள்? விமானம் இறங்கிய பிறகுதான் குட்டு உடைகிறது.

20-ல் போனவர் 18-க்கு மாறுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. 2024 ஜூலை 14-ந்தேதி முதல் செப்டம்பர் 12-ந்தேதி வரை, இரண்டே மாதம் குவைத் அரசு அதற்கு வழி விட்டது. பிறகு கதவைச் சாத்திவிட்டது.

2022 செப்டம்பரில் நடந்த சம்பவம் பலருக்கு நினைவு இருக்கும். வேறு வேலை என்று நம்பிக் குவைத் போன தமிழகத் தொழிலாளி ஒருவர், பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்க விடப்பட்டார். போன சில நாட்களிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவி மக்களுக்கு வந்து சேர்ந்தது பெட்டியில் உடல்தான்.

சரி, நேர்மையாக 18-ம் நம்பரிலேயே போகிறவர் மனைவியை அழைக்கலாமா?

அழைக்கலாம். ஆனால் சம்பளம் வேண்டும். ஒரு காலத்தில் மாதம் 250 தினார் சம்பளம் இருந்தால் போதும் என்றார்கள். 2016-ல் அது 450 தினார் ஆனது. 2019-ல் 500 ஆனது. நிறுத்தி வைத்திருந்த குடும்ப விசாவை 2024 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது 800 தினார் ஆக்கிவிட்டார்கள்!

800 தினார் என்றால் நம் பணத்தில் மாதம் இரண்டு லட்ச ரூபாய்க்கும் மேலே. ஆசிரியர், நர்சு போன்ற சில தொழில்களுக்கு விலக்கு உண்டு. ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் அந்தச் சலுகை இல்லை. எஸ்டேட் பட்டறையில் இருந்து போகிறவர் இந்தத் தொகையை எட்டுவது எந்தக் காலம்?

இன்னொரு முடிச்சும் விழுந்திருக்கிறது. 2025 ஜூலை 1-ந்தேதி முதல், 18-ம் நம்பரில் இருப்பவர் நாட்டை விட்டு வெளியே கிளம்ப முதலாளியின் ஒப்புதலுடன் "எக்ஸிட் பெர்மிட்" வாங்க வேண்டும் என்று குவைத் உத்தரவு போட்டது. ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் முதலாளி தலையாட்ட வேண்டும்.

மூன்று பிள்ளை பெற்ற "பேச்சிலர்"

வளைகுடா நாடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆண் எல்லோருக்கும் அங்கே "பேச்சிலர்" என்றுதான் பெயர். ஊரில் மனைவி இருந்தாலும் சரி, மூன்று பிள்ளை இருந்தாலும் சரி, பேரன் பிறந்திருந்தாலும் சரி. விசாவில் குடும்பம் இல்லையா? அவர் பேச்சிலர்!

பேச்சிலருக்கு வீடு கிடையாது. கட்டில்தான். ஓர் அறையில் அடுக்குக் கட்டில் போட்டு நாலு பேர், ஆறு பேர், எட்டுப் பேர் என்று அடைத்து விடுவார்கள்.

2024 ஜூன் 12-ந்தேதி விடியற்காலை. குவைத்தில் மங்காஃப் என்ற இடம். தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில் தீப்பிடித்தது. தூங்கிக் கொண்டிருந்தவர்கள் புகையில் சிக்கினார்கள். 45 இந்தியர்கள் பலியானார்கள். அதில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். உடல்கள் இந்திய விமானப் படை விமானத்தில் கொச்சி வந்து சேர்ந்தன. பலியான தமிழர் குடும்பங்களுக்குத் தலா 5 லட்ச ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது.

அந்தக் கட்டிடத்தில் சுமார் 200 பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் "பேச்சிலர்"கள்தான். அவர்களுடைய மனைவி மக்கள் சொந்த ஊரில் இருந்தார்கள். டெலிவிஷனில் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொண்டார்கள்.

தலைவரி போட்ட சவூதி

சவூதி அரேபியாவில் வேறு கணக்கு. அங்கே குடும்பத்தோடு இருந்தவர்கள் நிறையப் பேர். சூப்பர்வைசர், அக்கவுண்டண்ட், டெக்னீஷியன் என்று இருந்தார்கள். 2017 ஜூலையில் அவர்கள் தலையில் இடி விழுந்தது.

கூட இருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டு 200. அதற்கடுத்த ஆண்டு 300. 2020 ஜூலையில் 400 ரியால். தலைக்கு இவ்வளவு என்று கட்டும் அசல் தலைவரி!

மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் 400 ரியால் வீதம் மாதம் 1,200 ரியால். வருஷத்துக்கு 14,400 ரியால். நம் பணத்தில் மூன்று லட்ச ரூபாய்க்கும் மேலே. இது வாடகை அல்ல. பள்ளிக் கட்டணம் அல்ல. சும்மா அங்கே இருப்பதற்கான கட்டணம்.

இக்காமா என்ற குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும்போதே இதையும் சேர்த்துக் கட்டியாக வேண்டும். கட்டுப்படியாகாமல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்டின. புருஷன் மட்டும் அங்கே நின்றார். நேற்று வரை "ஃபேமிலி"யாக இருந்தவர் ஒரே நாளில் "பேச்சிலர்" ஆனார்.

2021 மார்ச் 14-ந்தேதி சவூதி ஒரு நல்ல காரியமும் செய்தது. கம்பெனி தொழிலாளி, முதலாளியின் கையெழுத்து இல்லாமலே ஊருக்குப் போய்த் திரும்ப அனுமதி வாங்கலாம் என்று சட்டம் மாறியது. ஆனால் வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆடு மாடு மேய்ப்பவர் ஆகியோருக்கு இது பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது.

ஆக, அங்கேயும் விசாவின் வகைதான் தலைவிதியை எழுதுகிறது. வண்டி ஓட்டுவது ஒரே வேலைதான். கம்பெனி டிரைவர் விசா என்றால் ஒரு சட்டம். வீட்டு டிரைவர் விசா என்றால் இன்னொரு சட்டம்.

"ஆசாத் விசா", "ஃப்ரீ விசா" என்று ஏஜெண்டுகள் விற்பது இதைவிட ஆபத்தானது. ஒருவர் பெயரில் விசா, வேறு எங்கேயோ வேலை. சட்டத்தில் அப்படி ஒரு விசாவே கிடையாது. விசா கொடுத்தவர் "ஆள் ஓடிவிட்டான்" என்று புகார் எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு "ஹுரூப்" என்று பெயர். அப்புறம் அந்த ஆளுக்கு வேலையும் இல்லை, ஊருக்கு நல்லபடியாகத் திரும்பும் வழியும் இல்லை.

துபாய்க்கு ஒரு கணக்கு, சிங்கப்பூருக்கு ஒரு கணக்கு

துபாய், அபுதாபி அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தில் முன்பு இன்னின்ன தொழில் பார்ப்பவர்தான் குடும்பத்தை அழைக்கலாம் என்று பட்டியல் இருந்தது. 2019-ல் அதை மாற்றினார்கள். எந்தத் தொழிலாக இருந்தாலும் சரி, மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம் வேண்டும். அல்லது 3,000 திர்ஹாமும் கம்பெனி கொடுக்கும் வீடும் வேண்டும்.

4,000 திர்ஹாம் என்பது ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய். நல்ல தொழில் தெரிந்த ஃபோர்மேன் எட்டிவிடலாம். ஹெல்ப்பர் எட்ட முடியாது. எட்டினாலும் வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவ இன்சூரன்ஸ் என்று வரிசையாக நிற்கும்.

சிங்கப்பூரில் பேச்சே வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். "ஒர்க் பெர்மிட்"டில் போகிறவர் குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. கப்பல் பட்டறை, கட்டிட வேலைக்குப் போகிற நம் ஆட்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். பத்து வருஷம் உழைத்தாலும் இதே சட்டம்தான்.

"எஸ் பாஸ்", "எம்ப்ளாய்மெண்ட் பாஸ்" வைத்திருப்பவர் அழைக்கலாம். அதற்கும் மாதம் 6,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பளம் வேண்டும். 2018-க்கு முன்பு இது 5,000 வெள்ளியாக இருந்தது. அப்படிப் போகும் மனைவி அங்கே வேலை பார்க்க வேண்டும் என்றால், அவருக்குத் தனியாக வேலை பாஸ் எடுக்க வேண்டும்.

சென்னையைச் சுற்றி டிரேட் டெஸ்ட் நடத்தும் இடங்களில் இளைஞர்கள் வெல்டிங் கம்பியோடு வரிசையில் நிற்கிறார்கள். டெஸ்டில் பாஸ் ஆனால் எவ்வளவு சம்பளம் என்று கேட்கிறார்கள். என்ன பாஸ் என்று கேட்பவர் குறைவு.

பிரிட்டனும் கதவை இறுக்கியிருக்கிறது. முதியோரைக் கவனிக்கும் "கேர் ஒர்க்கர்" வேலைக்குப் போகிறவர்கள் குடும்பத்தை அழைத்து வர 2024 மார்ச் 11-ந்தேதி முதல் தடை போட்டது. 2025 ஜூலையில், அந்த வேலைக்கு வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டது.

கண்ணாடி மாளிகைக்காரர் கதை

"இதெல்லாம் பட்டறை ஆட்கள் பாடு. நமக்கென்ன?" என்று கம்ப்யூட்டர்காரர் சிரிக்க முடியாது.

அவர் வாங்குவது அமெரிக்காவின் எச்-1பி விசா. மனைவி பிள்ளைகளுக்கு எச்-4 விசா. அங்கே குடும்பத்தைக் கூட்டிப் போகத் தடை இல்லை. ஆனால் எச்-4 மனைவி வேலைக்குப் போக முடியாது. எம்.இ. படித்தவராக இருந்தாலும் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

2015 மே மாதம் ஒரு சலுகை வந்தது. கணவருக்குக் "கிரீன் கார்டு" மனு குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் ஒப்புதலாகி இருந்தால், மனைவி வேலை அனுமதி அட்டை வாங்கலாம். அந்த அட்டையைப் புதுப்பிக்க மனு கொடுத்தால், புது அட்டை வரும் வரை பழைய அட்டையிலேயே வேலை பார்க்கலாம் என்று இருந்த வசதியை 2025 அக்டோபர் 30-ந்தேதி முதல் நீக்கிவிட்டார்கள்.

கணவருக்கு வேலை போனால்? 60 நாள் கெடு. அதற்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உட்பட அத்தனை பேரும் கிளம்ப வேண்டியதுதான். கணவர் விசாவில் மனைவி விசா தொங்குகிறது. கம்பெனி கையில் கணவர் விசா தொங்குகிறது.

2025 செப்டம்பர் 19-ந்தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் போட்ட உத்தரவு ஒரு ராத்திரியில் பீதியைக் கிளப்பியது. எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்! நம் பணத்தில் 90 லட்ச ரூபாய் அளவுக்கு வரும். ஊருக்கு வர விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள்கூட இறங்கி ஓடினார்கள். புது மனுக்களுக்கு மட்டும்தான், ஏற்கனவே விசா உள்ளவர்களுக்கு இல்லை என்று மறுநாள் விளக்கம் வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் அடுத்த அடி. எச்-1பி, எச்-4 கேட்பவர்களின் சமூக வலைத்தளக் கணக்குகளையும் பார்ப்போம் என்று 15-ந்தேதி முதல் புது நடைமுறை வந்தது. இந்தியாவில் குறித்திருந்த பேட்டி நாட்கள் மாதக்கணக்கில் தள்ளிப் போயின. கல்யாணம், காதுகுத்து என்று லீவில் ஊருக்கு வந்தவர்கள், திரும்பப் போக முடியாமல் மாட்டிக்கொண்டார்கள்.

பெண் பார்க்கும்போது "மாப்பிள்ளை அமெரிக்காவில்" என்ற ஒரு வார்த்தைக்கு மயங்குகிற பெற்றோர் இங்கே ஏராளம். எந்த விசா, எத்தனை வருஷம் ஓடிவிட்டது, கிரீன் கார்டு மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. எச்-1பி ஒரு தடவைக்கு மூன்று வருஷம். சாதாரணமாக மொத்தம் ஆறு வருஷம்.

பூந்தமல்லியைத் தாண்டி வருகிறவர்

நாமும் ஒன்றும் சளைத்தவர்கள் அல்ல. நம் நாட்டுக்கு வேலைக்கு வருகிற வெளிநாட்டாருக்கும் இதே மாதிரி சட்டம் இருக்கிறது.

பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே ஹூண்டாய் கார் தொழிற்சாலை 1998-ல் உற்பத்தி தொடங்கியது. அதன் பின்னால் உதிரி பாகக் கம்பெனிகள் வந்தன. கொரியாக்காரர்களும் குடும்பத்தோடு வந்தார்கள்.

அப்படி வருகிறவருக்கு இந்திய அரசு கொடுப்பது "எம்ப்ளாய்மெண்ட் விசா". வருஷத்துக்கு 16 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத சம்பளம் வேண்டும் என்பது விதி. அவர்கள் நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரர், மொழி ஆசிரியர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. மனைவி பிள்ளைகள் கூட வரலாம். ஆனால் மனைவி அந்த விசாவில் இங்கே வேலை பார்க்கக் கூடாது. 180 நாளுக்கு மேல் தங்கும் விசா என்றால், வந்த 14 நாளில் வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும்.

வெளிநாட்டார் பற்றி 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளில் வந்த நான்கு பழைய சட்டங்களை ஒழித்துவிட்டு, ஒரே புதுச் சட்டம் 2025 செப்டம்பர் 1-ந்தேதி அமலுக்கு வந்தது.

கவனித்தீர்களா? எல்லா நாட்டிலும் சூத்திரம் ஒன்றுதான். அதிகச் சம்பளக்காரர் குடும்பத்தோடு வரலாம். கைத்தொழிலாளி தனியாகத்தான் வர வேண்டும்.

பத்தாவது பாஸ், பாதுகாப்பு ஃபெயில்!

இப்போது நம் ஊர் ஐ.டி.ஐ. பையன்களுக்கு வருவோம்.

1983-ல் வந்த குடியேற்றச் சட்டப்படி, பத்தாவது பாஸ் செய்யாதவரின் பாஸ்போர்ட்டில் "ஈ.சி.ஆர்." முத்திரை விழும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு இவர் வேலைக்குப் போக வேண்டுமானால், குடியேற்றப் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். அந்த அதிகாரியின் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. வேலை ஒப்பந்தம் இருக்கிறதா, சம்பளம் என்ன, கம்பெனி எது என்று பார்த்த பிறகே அனுமதி. 10 லட்ச ரூபாய் இன்சூரன்சும் கட்டாயம். அதற்குப் பிரீமியம் இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான்.

பத்தாவது பாஸ் செய்தவருக்கும், ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷப் படிப்பு முடித்தவருக்கும் இந்த அனுமதி தேவை இல்லை. "படித்தவர், தன்னைப் பார்த்துக்கொள்வார்" என்று சட்டம் நினைக்கிறது.

விளைவு என்ன? அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் படித்த ஃபிட்டர், ஆவடி டர்னர், திருமுல்லைவாயல் எலெக்ட்ரீசியன் ஆகியோரைத் தடுப்பவர் யாரும் இல்லை. அவர்களுடைய ஒப்பந்தத்தைச் சரிபார்ப்பவரும் யாரும் இல்லை! சுற்றுலா விசாவைக் கையில் கொடுத்து "அங்கே போய் மாற்றிக்கலாம்" என்று ஏஜெண்டு சொன்னால், நேராக விமானம் ஏறிவிடலாம்.

2022-ல் அப்படித்தான் நடந்தது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போகப்பட்ட இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டார்கள். துப்பாக்கி முனையில் இண்டர்நெட் மோசடி வேலை செய்ய வைத்தார்கள். மறுத்தவர்களுக்கு அடி, உதை. மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் அந்த ஆண்டு அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். அவர்கள் படிக்காதவர்கள் அல்ல. படித்தவர்கள்.

பலே ஆசாமிகளை அடையாளம் காண்பது எப்படி?

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் இருக்க வேண்டும். "இ-மைக்ரேட்" என்ற அரசு இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால், பதிவு உயிரோடு இருக்கிறதா, காலாவதியா என்று தெரிந்துவிடும். செல்போனில் இரண்டு நிமிஷ வேலை.

பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாய். அதோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 35 ஆயிரத்து 400. அதற்கு ரசீதும் தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்கிறவர், ரசீது கேட்டால் முறைக்கிறவர், டீக்கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

"தெரிந்தவர்தான், மச்சானின் நண்பர்தான்" என்பதெல்லாம் பதிவு எண் ஆகாது.

தமிழக அரசுக்கே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று கிண்டியில் இருக்கிறது. அதுவும் பதிவு பெற்ற ஏஜெண்டுதான். வெளிநாடுகளுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளை வெளியிடுகிறது. அம்பத்தூரில் இருந்து கிண்டி ஒன்றும் துபாய் தூரம் அல்ல.

கல்யாண சர்டிபிகேட் எங்கே?

கணவருக்குச் சம்பளம் எட்டிவிட்டது, குடும்ப விசா போடலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் அடுத்த சிக்கல் கிளம்பும்.

கோவிலில் தாலி கட்டினோம், ஊரே சாப்பிட்டது, போட்டோ ஆல்பம் இருக்கிறது. இதெல்லாம் தூதரகத்துக்குச் செல்லாது. பதிவு செய்த திருமணச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009 முதல் திருமணப் பதிவு கட்டாயம். ஆனாலும் பதியாமல் விட்டவர்கள் நிறையப் பேர். காகிதம் இல்லாத மனைவி, விசா கணக்கில் மனைவியே அல்ல!

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்த உடன் பெயர் இல்லாமல் பதிந்தது அப்படியே கிடக்கும் வீடுகள் பல.

பெயரிலும் தகராறு. ஒருவர் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு இருக்கும். மனைவி பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் வேறு மாதிரி இருக்கும். கல்யாணச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி இருக்கும். ஓர் எழுத்து இடித்தாலும் மனு திரும்பி வரும்.

இவற்றைச் சரிசெய்த பிறகு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று முத்திரை வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அலைவது வீட்டில் இருக்கும் அந்தப் பெண்தான். ஆகவே கணவர் கிளம்பும் முன்பே இருவரும் சேர்ந்து இந்தக் காகிதங்களைத் தயார் செய்துவிடுவது நல்லது.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. விசாவின் வகை என்ன? கம்பெனியா, வீட்டு வேலையா, சுற்றுலாவா? அரபு எழுத்தாக இருந்தால், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

2. விசாவில் போட்ட தொழிலும், ஒப்பந்தத்தில் போட்ட தொழிலும், ஏஜெண்டு வாயால் சொன்ன தொழிலும் ஒன்றா?

3. அந்தச் சம்பளத்தில் அந்த நாட்டில் குடும்ப விசா உண்டா? இல்லையென்றால் எத்தனை வருஷம் பிரிந்திருக்கப் போகிறோம்? இதை மனைவியோடு உட்கார்ந்து பேசியாகிவிட்டதா?

4. அவசரத்துக்கு ஊர் திரும்ப யார் கையெழுத்து வேண்டும்? டிக்கெட் யார் செலவு?

5. ஏஜெண்டின் பதிவு எண் என்ன? கட்டிய பணத்துக்கு ரசீது எங்கே?

விசா, ஒப்பந்தம், பாஸ்போர்ட், ரசீது ஆகிய நான்குக்கும் ஒரு ஜெராக்ஸ் வீட்டில் இருக்க வேண்டும். அங்கே ஏதாவது ஆனால், இங்கிருந்து மனு கொடுக்கிறவருக்கு அந்தக் காகிதம்தான் கை கொடுக்கும். கம்பெனி பெயர்கூடத் தெரியாமல் "எங்கேயோ துபாய்ல இருக்காரு" என்று அழுதுகொண்டு வந்தால், எந்த அதிகாரியாலும் சீக்கிரம் தேட முடியாது.

புகார் எங்கே கொடுப்பது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி போலீஸ் கமிஷனர் அலுவலகத்தின் எல்லையில் வருகின்றன. வேலை வாங்கித் தருவதாக மோசடி என்றால் அங்கே மத்திய குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்த மோசடிக்கு ஊர் அறிந்த 420-ம் பிரிவு. அதற்குப் பின் நடந்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ம் பிரிவு. நம்பர் மாறினாலும் குற்றம் ஒன்றுதான். ஆசாமி பதிவு இல்லாத ஏஜெண்டு என்றால், குடியேற்றச் சட்டப்படியும் நடவடிக்கை உண்டு.

வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களின் குடும்பத்தார், மத்திய அரசின் உதவி மையத்துக்கு 1800 11 3090 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் போன் செய்யலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்து வைத்தால் அடையாள அட்டையும், விபத்து இன்சூரன்ஸ் வசதியும் உண்டு. பதிவை விமானம் ஏறும் முன்பே செய்துவிட வேண்டும்.